அரங்க வேற்றுமை

பாயிரம்

நூல் என்றால் பாயிரம் வேண்டும். ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்ற எட்டையும் சொல்லியாக வேண்டும் என்பது மரபு. சொல்லிவிடுகிறேன்.

ஆக்கியோன், மல்லேஸ்வரத்தில் வரி கட்டிக்கொண்டு குடியிருக்கும் ஒருவன். வழி என்று எதுவும் இல்லை. முன்னோர் யாரும் இந்த வம்புக்குப் போகாததால் இது முதல்நூல். எல்லை: வடக்கே யஷ்வந்த்பூர், தெற்கே சேஷாத்ரிபுரம், மேற்கே ராஜாஜிநகர், கிழக்கே சாங்கி ஏரி, தேவைப்படும்போது லண்டன், மாண்ட்ரியல் வரை. நூற்பெயர் மேலே இருக்கிறது. யாப்பு, உரைநடை. நுதலிய பொருள், ஊர்ப்பணம் தொழில்முறை ஆட்டங்களின் ஸ்டேடியமாக மாறும் வகைகள். கேட்போர், எதிர்வீட்டு மாமா. ஏஜி ஆபீசில் தணிக்கைப் பிரிவிலிருந்து ரிடையர் ஆனவர். திருப்பாவையைக் கேட்டாலும் வவுச்சர் எங்கே என்பார். தடை எழுப்ப ஓர் ஆள் இல்லாமல் உரை நடக்காது என்பதால் அவரை நூல் நெடுக உட்கார வைத்திருக்கிறேன். பயன், கடைசியில் உள்ள பயிற்சிகளைச் செய்து பார்ப்பவருக்குக் கிடைக்கும்.

நூல் பிறந்த காரணத்தையும் சொல்ல வேண்டும். 2025 ஆகஸ்டில் கர்நாடக முதல்வர் ஒரு திட்டத்துக்குச் சம்மதம் கொடுத்தார். பொம்மசந்திரா சூர்யநகரில் 100 ஏக்கரில் 80,000 பேர் உட்காரும் ஸ்டேடியம். மதிப்பீடு 1,650 கோடி ரூபாய். கட்டுவது கர்நாடக வீட்டு வசதி வாரியம். முழுப் பணமும் வாரியத்துடையது. மல்லேஸ்வரத்திலிருந்து போகிறவர்கள் சம்பிகே ரோடு ஸ்டேஷனில் பச்சை லைன் பிடித்து, ஆர்.வி. ரோட்டில் மஞ்சள் லைனுக்கு மாறி, கடைசி ஸ்டேஷனில் இறங்கலாம். அதற்கப்புறம் ஆட்டோக்காரர் மனசு வைக்க வேண்டும்.

“வீடு கட்டற போர்டு எதுக்குப்பா ஸ்டேடியம் கட்டறது?” என்று மாமா கேட்டார். இது வேற்றுமை பற்றிய கேள்வி என்று எனக்குப் பட்டது. பெயருக்கும் வினைக்கும் நடுவில் உள்ள உறவைச் சொல்வது வேற்றுமை; அது எட்டு விதம். பணத்துக்கும் ஸ்டேடியத்துக்கும் நடுவில் உள்ள உறவும், எண்ணிப் பார்த்தால், எட்டே விதம்தான்.

முதல் வேற்றுமை

அரசே நினைத்து, அரசே கட்டி, அரசே பெயர் சூட்டுவது எழுவாய். இதற்கு உருபு இல்லை.

உரை: உருபு இல்லை என்றால் ஒளிவுமறைவு இல்லை என்று பொருள். 1997-இல் தேசிய விளையாட்டுப் போட்டிக்காகப் பெங்களூரில் எழுந்த கண்டீரவா ஸ்டேடியம் இந்த வகை. மதுரை அலங்காநல்லூர்ப் பக்கம் கீழக்கரையில் 62 கோடிக்கு மேல் செலவழித்து 2024 ஜனவரி 24 அன்று திறந்த ஏறுதழுவுதல் அரங்கமும் இதே வகை. பட்ஜெட்டில் ஒரு வரி இருக்கும், டெண்டர் இருக்கும், கல்வெட்டு இருக்கும். சட்டசபையில் கேள்வி கேட்கலாம், தணிக்கை நடத்தலாம். எட்டு வகையிலும் இது ஒன்றில்தான் திட்டுவதற்கு ஆள் கிடைப்பார்.

மாமா இந்த நூற்பாவை மறுப்பின்றி ஏற்றார். ஆகவே அடுத்ததற்குப் போகலாம்.

இரண்டாம் வேற்றுமை

ஒன்றை அழித்து ஒன்றை ஆக்குவது ‘ஐ’.

உரை: ஆக்கலும் அழித்தலும் ஒரே உருபுக்குள் அடங்கும் என்று இலக்கணம் வகுத்தவர்கள் பெங்களூரைப் பார்த்ததில்லை, பார்த்திருந்தால் உதாரணம் தேட வேண்டியிருந்திருக்காது. சம்பங்கி ஏரியை மூடினார்கள், கண்டீரவாவைக் கட்டினார்கள். அக்கித்திம்மனஹள்ளி ஏரியை மூடினார்கள், ஹாக்கி ஸ்டேடியத்தைக் கட்டினார்கள். சல்லகட்டா ஏரி கோல்ஃப் மைதானம் ஆனது. கோரமங்கலாவில் இருந்த ஒரு ஏரி, அதே 1997 போட்டிக்கு வந்தவர்கள் தங்கும் குடியிருப்பாயிற்று. சம்பங்கி ஏரியில் ஒரு துண்டை மட்டும் சிறு குளமாக விட்டுவைத்தார்கள், கரகத் திருவிழாச் சடங்குக்கு நீர் வேண்டும் என்பதால். தர்மராயர் கோவில் கரகம் இல்லையென்றால் அந்தத் துண்டும் இன்று பார்க்கிங்.

இந்த வகையின் நுட்பம் கணக்கில் இருக்கிறது. சிமெண்டுக்குப் பில் உண்டு, கம்பிக்குப் பில் உண்டு. ஏரிக்குப் பில் கிடையாது. ஊருக்குச் சொந்தமான நீர்நிலம் கட்டுமானச் செலவில் சுழி ரூபாய் என்று ஏறுகிறது. ஆனால் ஏரி செய்துவந்த வேலை நிற்பதில்லை. மழைத் தண்ணீர் பழைய இடத்தைத் தேடி வருகிறது, அதை இறைக்கும் செலவு மாநகராட்சியின் வேறொரு தலைப்பில் போகிறது. சாங்கி துரை 1882-இல் வெட்டிய ஏரி இன்னும் ஏரியாகவே இருப்பதற்கு மல்லேஸ்வரத்தார் நன்றி சொல்லலாம். அந்த அளவில் எந்தப் போட்டியும் இந்தப் பக்கம் வரவில்லை.

மூன்றாம் வேற்றுமை

கருவியும் கருத்தாவும் கூட்டாளியும் ‘ஆல்’, ‘ஒடு’.

உரை: முதலில் கருவி. எதனால் கட்டினார்கள்? வரியால். 1976 ஒலிம்பிக்ஸுக்கு மாண்ட்ரியல் ஒரு ஸ்டேடியம் எழுப்பியது. ஓர் ஆணுக்குப் பிள்ளை பிறக்குமானால் இந்த ஒலிம்பிக்ஸில் நஷ்டமும் வரும் என்கிற மாதிரி மேயர் ழான் திராப்போ பேசியிருந்தார். நஷ்டம் வந்தது. அதை அடைக்கக் கியூபெக் மாகாணம் புகையிலைக்கு வரி போட்டது. கடன் தீர்ந்தது 2006-இல். முப்பது வருடம் அந்த மாகாணத்தில் சிகரெட் பிடித்த ஒவ்வொருவரும் கொஞ்சம் கொஞ்சமாகக் கான்க்ரீட் வாங்கிக்கொடுத்தார்கள். அங்கே குடியேறிய பேஸ்பால் அணி கடன் தீர்வதற்கு இரண்டு வருடம் முன்பே ஊரைக் காலி செய்துவிட்டது. லாஸ் வேகஸில் அமெரிக்கக் கால்பந்து அணி ஒன்றுக்காகக் கட்டிய ஸ்டேடியத்தில் 75 கோடி டாலர், ஓட்டல் அறை வரியால் வந்தது. ஊர்க்காரன் தலையில் கை வைக்காமல் வெளியூர்க்காரன் தலையில் வைப்பது இதில் உள்ள சாமர்த்தியம்.

அடுத்து, கருத்தா. கோவில் அரசனால் கட்டப்பட்டது என்றால் ஏவுதற்கருத்தா; கொத்தனாரால் கட்டப்பட்டது என்றால் இயற்றுதற்கருத்தா. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஏவியவருக்குக் கல்வெட்டு, கட்டியவருக்குக் காண்ட்ராக்ட். காசு கொடுத்தவருக்கு இலக்கணத்தில் இதுவரை பெயரே இல்லை. இந்தக் குறையைப் போக்க, ஈதற்கருத்தா என்று ஒன்றை இந்நூல் புதிதாகச் சேர்க்கிறது. “இத்தனை நூற்றாண்டா யாருக்குமே தோணலையா?” என்றார் மாமா. அரசர்களுக்குத் தோன்றியிருக்கும், நூலுக்குப் பரிசில் கொடுத்தவர்களும் அவர்கள்தானே.

கடைசியாக உடனிகழ்ச்சி. அரசும் தனியாரும் கைகோத்துக் கட்டுவது. திருவனந்தபுரம் காரியவட்டத்தில் 2015 தேசிய விளையாட்டுப் போட்டிக்கு எழுந்த கிரீன்ஃபீல்டு ஸ்டேடியம் சுத்தமான உதாரணம். நிலம் கேரளப் பல்கலைக்கழகத்துடையது. கட்டி நடத்த ஒப்பந்தம் எடுத்தது ஐஎல்அண்டுஎஃப்எஸ் குழுமம். அரசு ஆண்டுத் தவணை கட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. 2018-இல் அந்தக் குழுமம் கடனில் கவிழ்ந்தது. ‘ஒடு’ என்ற உருபுக்குள் ஒரு அபாயம் உண்டு: கூட வந்தவர் பாதி வழியில் விழுந்தால் அவரையும் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும்.

நான்காம் வேற்றுமை

கொடையும் பகையும் ‘கு’.

உரை: எட்டில் நம் நாட்டுக்கு நெருக்கமானது இதுதான், ஆகையால் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். இங்கே அரசு செங்கல் வாங்குவதில்லை, நிலத்தைக் கொடுக்கிறது. ஊரின் நட்டநடுவில் ஏக்கர் கணக்கில் நிலம், நீண்ட காலக் குத்தகை, காலத்துக்கும் சந்தைக்கும் சம்பந்தமில்லாத வாடகை. கப்பன் பார்க்கை ஒட்டி நிற்கும் சின்னசாமி ஸ்டேடியம் 1969-க்குப் பிறகு இப்படி, மாநில அரசின் தாராள ஆதரவில், அரசு நிலத்தில் எழுந்தது. எம். சின்னசாமி என்ற வக்கீல், மாநிலக் கிரிக்கெட் சங்கத்தைக் கட்டி வளர்த்தவர். 1974 நவம்பரில் அங்கே நடந்த முதல் டெஸ்டில்தான் விவியன் ரிச்சர்ட்ஸும் கார்டன் கிரீனிட்ஜும் அறிமுகமானார்கள். அன்று டெஸ்ட் கிரிக்கெட்டில் பெரிய பணம் இல்லை. ஊர், சங்கத்துக்குக் கொடுத்தது நியாயமான கொடை. கொடுத்த பிறகு ஆட்டம் மாறியது, பணம் மாறியது. குத்தகை மட்டும் கொடுத்த நாளிலேயே நின்றது.

லண்டனில் இது இன்னும் அழகு. 2012 ஒலிம்பிக்ஸ் ஸ்டேடியத்தைக் கால்பந்துக்கு மாற்ற ஆன செலவு 32 கோடியே 30 லட்சம் பவுண்டு. வெஸ்ட் ஹாம் அணிக்கு 99 வருடக் குத்தகை. வருட வாடகை 25 லட்சம் பவுண்டு அளவில். ஒப்பந்தம் வெளிவந்தபோது, கோல் கம்பமும் மூலைக் கொடியும்கூட வீட்டுக்காரர் செலவு என்று தெரிந்தது. வீட்டுக்காரர் என்றால் வரி கட்டுகிற பொதுஜனம்.

கொடை எப்போது பகை ஆகும்? குத்தகை முடிகிற அன்று. சேப்பாக்கத்தின் குத்தகை 2015-இல் முடிந்து, புதுப்பிப்பதிலும் வாடகை நிர்ணயத்திலும் வருடக்கணக்கில் இழுபறி நடந்தது. போதாக்குறைக்கு, 2011 உலகக் கோப்பைக்காகப் புதுப்பித்தபோது எழுந்த ஐ, ஜே, கே என்ற மூன்று மாடங்கள் கட்டட அனுமதித் தகராறில் பல வருடம் பூட்டிக் கிடந்தன. டிவியில் சென்னை ஆட்டம் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஊர் முழுக்க டிக்கெட்டுக்கு அலைய, பந்து போய் விழுகிற இடத்தில் ஆளில்லாத நாற்காலி வரிசைகள். மல்லேஸ்வரத்துக்குப் பக்கத்திலேயே ரேஸ் கோர்ஸ் இருக்கிறது. அந்த அரசு நிலத்தின் குத்தகை 2009 டிசம்பரில் முடிந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அதற்காகக் குதிரைகள் ஓடுவதை நிறுத்தவில்லை.

மாமா இங்கே தடை எழுப்பினார். “வாடகை கம்மின்னா என்ன? டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி வாங்கலையா?” நியாயமான தடை. 2025 செப்டம்பர் 22 முதல் ஐபிஎல் டிக்கெட்டுக்கு 40 சதவீத ஜிஎஸ்டி. அதற்கு முன் 28. ஆனால் அதைக் கட்டுவது டிக்கெட் வாங்குகிறவர். நிலம் கொடுத்ததும் அவர்தான், நுழைய வரி கட்டுவதும் அவர்தான். ஒரே ஆளை இரண்டு தடவை வரவில் வைத்தால் தணிக்கையில் ஒப்புக்கொள்வீர்களா என்று கேட்டேன். மாமா வேஷ்டியை இறுக்கிக்கொண்டு, மேலே படி என்றார்.

ஐந்தாம் வேற்றுமை

நீங்கலும் ஒப்பும் எல்லையும் ஏதுவும் ‘இன்’.

உரை: நீங்கல் என்பது மிரட்டல். புது ஸ்டேடியம் கட்டித்தராவிட்டால் அணி ஊரைவிட்டு நீங்கும். அமெரிக்காவில் இது ஒரு தொழிலாகவே நடக்கிறது. ஓக்லண்டு நகரம் 1995-இல் கால்பந்து அணி ஒன்றைத் திரும்ப வரவழைக்கக் கடன் வாங்கி ஸ்டேடியத்தைப் புதுப்பித்தது. அணி வந்தது, 2020-இல் லாஸ் வேகஸுக்குப் போனது. கடன் ஓக்லண்டிலேயே தங்கியது. அதே ஊரின் பேஸ்பால் அணியைக் கூப்பிட நெவாடா மாநிலம் 2023-இல் 38 கோடி டாலர் வரை தர முன்வந்தது. பெங்களூருக்கும் இந்த உருபு அறிமுகமாகிவிட்டது. 2025 மகளிர் உலகக் கோப்பை ஆட்டங்கள் இங்கிருந்து நவி மும்பைக்குப் போனபோது, ஊரின் கௌரவம் போச்சு என்ற பேச்சு கிளம்பியது. கௌரவம் பேச ஆரம்பித்தால் கணக்குப் பேச முடியாது.

ஒப்பு என்பது அகமதாபாத். அங்கே 1,32,000 இருக்கை. அதைவிடச் சிறியது, நாட்டின் மற்ற கிரிக்கெட் ஸ்டேடியங்களைவிடப் பெரியது என்பதால் சூர்யநகருக்கு 80,000. எத்தனை பேர் வருவார்கள் என்று எண்ணிப் போட்ட கணக்கு வேறு. இன்னொரு மாநிலத்தைப் பார்த்துப் போட்ட கணக்கு வேறு. எல்லை என்பது, எங்கே நிறுத்துவது என்பது. ஒப்பு வந்துவிட்ட இடத்தில் எல்லை நிற்பதில்லை.

ஏது என்பது காரணம். வேலைவாய்ப்பு பெருகும், சுற்றுலா வளரும், ஓட்டல் நிறையும் என்பார்கள். ரோஜர் நோல், ஆண்ட்ரூ ஸிம்பாலிஸ்ட் என்ற இரு பொருளாதாரப் பேராசிரியர்கள் 1997-இல் தொகுத்து வெளியிட்ட நூல் அமெரிக்க ஸ்டேடியங்களை வரிசையாக எடுத்துப் பார்த்துவிட்டு, போட்ட பொதுப்பணத்துக்குத் தகுந்த பலன் தந்தது என்று சொல்ல ஒன்றுகூட அகப்படவில்லை என்று முடித்தது. சூத்திரம் எளிது. மல்லேஸ்வரத்துக் குடும்பம் ஒன்று ஆட்டம் பார்க்க ஐயாயிரம் செலவழித்தால், அந்த மாதம் சிடிஆர் ஓட்டலில் மசால் தோசையும் சினிமாவும் ஒரு ஐயாயிரம் குறையும். பணம் புதிதாகப் பிறக்கவில்லை. மல்லேஸ்வரத்திலிருந்து எழுந்து போய் வேறு இடத்தில் உட்காருகிறது.

ஆறாம் வேற்றுமை

உடைமை ‘அது’. தற்கிழமை, பிறிதின்கிழமை என இரண்டு.

உரை: சாத்தனது கை என்றால் தற்கிழமை, பிரிக்க முடியாது. சாத்தனது பசு என்றால் பிறிதின்கிழமை, விற்றால் போய்விடும். ஸ்டேடியத்தில் எது எது எந்தக் கிழமை? விளம்பரப் பலகை, கண்ணாடி அறை, ஒளிபரப்பு, வாசலில் மாட்டும் பெயர் எல்லாம் கைமாறும், ஆகவே பிறிதின்கிழமை. கடன் மட்டும் ஊரது தற்கிழமை. சியாட்டிலில் கிங்டோம் என்ற அரங்கத்தை 2000 மார்ச்சில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதற்கு வாங்கிய கடனைக் கட்டி முடித்தது 2015-இல். கட்டடம் இல்லாமல் தவணை மட்டும் பதினைந்து வருடம் நின்றது.

உள்ளூர் உதாரணம் கண்டீரவா. ஓட்டப்பந்தயத்துக்காகக் கட்டியது, நடுவில் புல், சுற்றி ஓடுதடம். பெங்களூரு எஃப்சி என்ற தனியார் கால்பந்து அணிக்கு அது சொந்த ஊர் மைதானமானது. அணி நன்றாக ஆடியது, கூட்டம் வந்தது. காலையில் ஸ்பைக்ஸ் மாட்டிக்கொண்டு வருகிற பிள்ளைகளின் பயிற்சியாளர்களோ, தடம் எங்களுக்குக் கிடைக்கவில்லை என்று உயர் நீதிமன்றம் வரை போனார்கள். தடம் யாரது என்ற கேள்விக்கு மூன்று உருபு போட்டுப் பதில் சொல்லலாம்: அரசுடையது, அணிக்கு வாடகைக்கு, பிள்ளைகளுக்காகக் கட்டியது. மூன்றும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பதுதான் தகராறு.

ஏழாம் வேற்றுமை

இடத்தைச் சுற்றி ஆகும் செலவு ‘கண்’.

உரை: சுவருக்குள் நடப்பது ஆட்டம், சுவருக்கு வெளியே நடப்பது முழுக்க ஊர்ச் செலவு. ஆட்ட நாளில் மெட்ரோ நள்ளிரவு தாண்டி ஓடும். போலீஸ் நிற்கும். அடுத்த நாள் விடியும் முன் குப்பை அள்ளும் வண்டி வரும். மும்பையில் ஐபிஎல் ஆட்டங்களுக்குக் கொடுத்த காவலுக்குப் போலீசுக்கு வரவேண்டிய பாக்கி கோடிக்கணக்கில் நின்றது. 2023-இல் மகாராஷ்டிர அரசு கட்டணத்தைக் குறைத்து, அந்தக் குறைப்பை 2011-இலிருந்தே பின்தேதியிட்டு அமலாக்கியது. பொதுநல வழக்குப் போட்டவரும் உயர் நீதிமன்றமும், மாமா கேட்பதுபோலவே, ஏன் குறைத்தீர்கள் என்று கேட்டார்கள்.

2025 ஜூன் 4 இந்த வேற்றுமையில்தான் வருகிறது. அதற்கு வேடிக்கை உரை கிடையாது. முந்தின இரவு அகமதாபாத்தில் பெங்களூர் அணி முதல் முறையாக ஐபிஎல் கோப்பையை வென்றது. மறுநாள் மாலையே விதான சௌதாவில் ஒரு பாராட்டு, சின்னசாமியில் ஒரு விழா. திட்டமிடச் சில மணி நேரம்தான் இருந்தது. ஸ்டேடியத்தின் கதவுகளுக்கு வெளியே, தெருவில், நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். உள்ளே விழா நடந்தது. இறந்தவர் குடும்பங்களுக்கு அரசு முதலில் 10 லட்சம், பிறகு 25 லட்சம் என்று அறிவித்தது. ஓய்வுபெற்ற நீதிபதி ஜான் மைக்கேல் டி’குன்ஹாவின் ஆணையம், பெருங்கூட்டத்துக்கு அந்த இடம் பாதுகாப்பானதல்ல என்று சொன்னது. வாசல்கள் நேராக நடைபாதையிலும் சாலையிலும் திறக்கின்றன. கூட்டம் தேங்கி நிற்க உள்ளே இடம் இல்லை. அணியும் சங்கமும் விழா எடுத்தாலும், கூட்டம் நிற்கிற தெரு ஊருடையது. ஊர்ப்பணத்தின் கணக்கில் இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

எட்டாம் வேற்றுமை

அழைப்பது விளி. கட்ட வேண்டியதில்லை.

உரை: செலவு குறைந்த வகை. மேடையில் நின்று கூப்பிட்டால் போதும். கோயம்புத்தூருக்குச் சர்வதேசக் கிரிக்கெட் ஸ்டேடியம் என்பது 2024 நாடாளுமன்றத் தேர்தலின்போது கிளம்பிய விளி. இலங்கையில் 2020 மே மாதம் ஹோமாகமவில் 60,000 பேருக்கு ஸ்டேடியம் என்று அறிவித்தார்கள். இருக்கிற மைதானங்களிலேயே போதுமான ஆட்டம் இல்லையே என்று முன்னாள் ஆட்டக்காரர் மகேல ஜயவர்தன பொதுவெளியில் கேட்டார். சில நாளில் திட்டம் கைவிடப்பட்டது. அவர் அப்படிக் கேட்கக் காரணம் இருந்தது. 2011 உலகக் கோப்பைக்காக அம்பாந்தோட்டைப் பக்கம் சூரியவெவவில் 35,000 பேருக்கு ஒரு ஸ்டேடியம் எழுந்திருந்தது. மைதானங்கள் கட்டிய கடனில் இலங்கைக் கிரிக்கெட் வாரியம் மூழ்கியதில், உலகக் கோப்பை இறுதிவரை போன ஆட்டக்காரர்களுக்கே மாதக்கணக்கில் சம்பளம் வரவில்லை.

விளியைப் பற்றி மாமாவின் கருத்து: “கூப்பிட்டதோட விட்டான் பார், அவன் புண்ணியவான்.”

தொகைநிலை

உருபு மறைந்து வருவது தொகை. உருபும் பயனும் சேர்ந்து மறைவது உடன்தொக்க தொகை.

உரை: கொடுத்தது தெரியாமல் கொடுப்பது. அரசு கையை நீட்டிக் கொடுத்தால் எழுவாய். வாங்க வேண்டியதை வாங்காமல் விட்டால் தொகை. இந்தியக் கிரிக்கெட் வாரியம் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி பதிவான ஒரு சங்கம்; காகிதத்தில் நம் தெரு நலச் சங்கத்துக்கு அண்ணன். விளையாட்டை வளர்க்கும் அறப்பணி என்ற பெயரில் அது வருமான வரி விலக்குக் கோரிவந்தது. 2021-இல் மும்பை வருமான வரித் தீர்ப்பாயம், ஐபிஎல் நடத்துவதாலேயே அந்தத் தகுதி போய்விடாது என்று வாரியத்தின் பக்கம் நின்றது. சட்டப்படி சரியாகவே இருக்கட்டும். விட்டுக்கொடுத்த வரி எந்த பட்ஜெட்டிலும் ‘ஸ்டேடியச் செலவு’ என்று வராது. அமெரிக்காவில் ஸ்டேடியக் கடன் பத்திரங்களின் வட்டிக்கு வரிவிலக்கு கொடுப்பதும் இதே தொகைதான். அங்கே மத்திய அரசு கொடுக்கிறது என்பது மத்திய அரசுக்கே ஞாபகம் இருப்பதில்லை.

மயக்கம்

ஓர் உருபு வர வேண்டிய இடத்தில் வேறு உருபு வருவது மயக்கம்.

உரை: சூர்யநகருக்கு வருவோம். அரசு கட்டுவதால் எழுவாய் என்று தோன்றும். அரசு நேரடியாகக் கட்டவில்லை, வாரியம் கட்டுகிறது. வாரியத்தின் பணம் எங்கிருந்து வருகிறது? சைட்டும் வீடும் விற்று. மக்களுக்கு என்று சொல்லும் இடத்தில் ‘கு’. பிரித்துப் பார்த்தால் மக்களால். வீடு தேடுகிறவர் கொடுத்த பணத்தால், ஆட்டம் பார்க்கிறவருக்கு.

தொகையை இருக்கைகளால் வகுத்தால் ஓர் இருக்கை 2,06,250 ரூபாய். வளாகத்தில் வேறு விளையாட்டுக்கூடங்களும் விடுதியும் மாநாட்டு மண்டபமும் உண்டு, எல்லாவற்றையும் இருக்கையின் தலையில் கட்டக் கூடாது என்று மாமா திருத்தினார். ஒப்புக்கொள்கிறேன். இன்னொரு வகுத்தல் அவருக்கே பிடித்தது. 2023 முதல் 2027 வரை ஐந்து வருட ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடிக்கு விலைபோனது. விற்றபோது போட்ட கணக்கு 410 ஆட்டம். ஆட்டத்துக்கு 118 கோடி. பதினான்கு ஆட்டத்தின் ஒளிபரப்புப் பணம் 1,652 கோடி. ஓர் அணி லீக் சுற்றில் ஆடுவது பதினான்கு ஆட்டம். அப்படியானால், ஓர் அணி ஒரு சீசனில் கலந்துகொள்ளும் ஆட்டங்களின் டிவி வருமானம், சூர்யநகர் ஸ்டேடியத்தைக் கட்டி இரண்டு கோடி மிச்சம் வைக்கும்.

“அப்ப அவாளே கட்டிக்கலாமே?” என்றார் மாமா.

இந்நூல் எட்டு வேற்றுமைகளைக் கடந்து வந்து சேரும் இடம் அதுதான். வறுமையில் இருக்கும் ஆட்டத்துக்கு ஊர் கொடுப்பது கொடை. வளம் வந்த பிறகும் அதே உருபில் கொடுத்துக்கொண்டிருப்பது மயக்கம்.

புறனடை

மேற்சொன்ன எட்டிலும் அடங்காததும் உண்டு.

உரை: மல்லேஸ்வரத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. கனரா யூனியன் என்ற சமூகச் சங்கத்தின் மண்டபம். கல்யாணத்துக்கு வாடகைக்கு விடும் இடம். முகூர்த்தம் இல்லாத நாட்களில் அங்கே வலை கட்டி பேட்மிண்டன் ஆடுவார்கள். பிரகாஷ் படுகோன் பழகியது அங்கேதான். கல்யாண சீசனில் பந்து இருந்த இடத்தில் பந்தி; பயிற்சி நிற்கும். பெண்வீட்டார் காலி செய்த பிறகுதான் மறுபடி வலை ஏறும். 1980-இல் லண்டனில் லீம் ஸ்வீ கிங்கைத் தோற்கடித்து ஆல் இங்கிலாந்து பட்டத்தை வென்றவர் வளர்ந்த அரங்கம் அது. அதற்கு அரசு ஏரியை மூடவில்லை, 99 வருடம் எழுதித்தரவில்லை, புகையிலைக்கு வரி போடவில்லை.

மாமா உடனே தடுத்தார். “எல்லாரும் பிரகாஷ் ஆக முடியுமா? ஊருக்கு வசதி வேண்டாமா?” வேண்டும். கல்யாண மண்டபத்தில் ஆடினால்தான் சாம்பியன் வருவான் என்பது சித்தாந்தம் அல்ல. நல்ல கோர்ட் இருந்திருந்தால் இன்னும் நாலு பேர் வந்திருக்கலாம். இங்கே சொல்ல வந்தது அளவைப் பற்றி. ஆடுகிறவருக்கு வேண்டியது கூரை, வலை, விளக்கு, தினமும் இரண்டு மணி நேரம். பார்க்கிறவருக்கு வேண்டியது 80,000 நாற்காலி. விளையாட்டு வளர்ச்சி என்ற ஒரே தலைப்பில் இரண்டும் எழுதப்படுகின்றன. பணம் எப்போதும் நாற்காலிப் பக்கம்தான் போகிறது.

பயிற்சி

1. ‘ஸ்டேடியம் கட்டப்பட்டது.’ இவ்வாக்கியத்தில் மறைந்துள்ள மூன்று கருத்தாக்களையும் எழுதுக. ஈதற்கருத்தாவை விட்டவருக்கு மதிப்பெண் இல்லை.

2. உருபு விரித்துக் காட்டுக: ஏரி மைதானம், வரி விலக்கு, காவல் பாக்கி.

3. ‘இது மக்களுக்கான அரங்கம்.’ வருடத்தின் 365 நாளிலும் இவ்வாக்கியத்தைப் பொருத்தி, அணி சொந்த ஊரில் ஆடும் ஏழு நாளை நீக்கி, மீதி 358 நாளில் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் எத்தனை நாள் உள்ளே நுழைய முடிகிறது என்று காண்க.

4. சூர்யநகர் ஸ்டேடியம் எழுந்து, யாருக்காவது குத்தகைக்கு விடப்படும் நாளில் பத்திரத்தை வாங்கிப் படிக்க. வாடகை எவ்வளவு, எத்தனை வருடத்துக்கு ஒருமுறை ஏறும், டிக்கெட்டிலும் விளம்பரத்திலும் வாரியத்துக்குப் பங்கு என்ன என்ற மூன்றையும் தேடுக. மூன்றும் இருந்தால் அது வியாபாரம். இந்நூலுக்கு அங்கே வேலை இல்லை. மூன்றும் இல்லாவிட்டால் நான்காம் வேற்றுமை என்று விடை எழுதி, விடைத்தாளை, சூர்யநகர் அடங்கிய ஆனேக்கல் தொகுதியில் அடுத்து ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் கொடுத்துத் திருத்தச் சொல்க.